முதலில் ஃபேன், அப்புறம்தான் விளக்கு

வாசகர் கேள்வி: "திருச்சியில் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கிக் குடி வந்திருக்கிறோம். ஹாலை ஒட்டிய சாப்பாட்டு இடம் 10 அடிக்கு 12 அடி. 12 அடி நீளத்தில் ஒரு முனை வெறும் சுவர், எதிர்முனை ஹாலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. சீலிங் உயரம் ஒன்பதரை அடி. சரியாக நடுவில் ஃபேன், அதற்குக் கீழே 5 அடிக்கு 3 அடி கண்ணாடி மேஜை. இப்போதைக்கு அந்தச் சுவரில் ஒரே ஒரு டியூப்லைட். நவீனமாக ஏதாவது செய்யலாம் என்று கடைக்குப் போனோம். மூன்று கண்ணாடிக் குடுவைகள் தொங்கும் ஹேங்கிங் லைட் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கடைக்காரரோ, ஃபால்ஸ் சீலிங் அடித்து எட்டு டவுன்லைட்டும் ஓரத்தில் ஸ்ட்ரிப் லைட்டும் போடுங்கள் என்கிறார். என் கணவருக்கு மஞ்சள் வெளிச்சமே பிடிக்காது. மங்கலாக இருக்கும் என்கிறார். வீட்டில் 74 வயது மாமனார் இருக்கிறார். ராத்திரியில் மீன் முள் தெரியவில்லை என்று சொல்லி மீனே வேண்டாம் என்று ஒதுக்குகிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஹோம்வொர்க் எழுதுவதும் இதே மேஜையில்தான். எங்கள் பட்ஜெட் 25,000 ரூபாய். எந்த லைட் வாங்கலாம்?"

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கடிதத்தோடு கண்ணாடிக் குடுவை விளக்கின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். அழகான பொருள்தான். ஆனால் நான் கடைசியில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது மாமனாரின் மீன் முள். விளக்கு வடிவமைப்பில் இத்தனை வருஷமாக இருக்கிறேன். ஒரு சாப்பாட்டு மேஜை விளக்கு நல்லதா இல்லையா என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடும் சோதனை வேறு கிடையாது. தட்டில் இருப்பது தெரிய வேண்டும், எதிரே இருப்பவர் முகம் நன்றாகத் தெரிய வேண்டும், பல்பு யார் கண்ணிலும் குத்தக்கூடாது. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் விளக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் அறை அழகாகிவிடும்.

விளக்கைப் பற்றி யோசிக்கும் முன் ஃபேனைப் பார்த்தாக வேண்டும். வெளிநாட்டு வீட்டுப் படங்களில் மேஜைக்கு நேர்மேலே விளக்கு தொங்கும், அந்த சீலிங்கில் ஃபேன் இருக்காது. நம் ஊரில், அதுவும் திருச்சி வெயிலில், ஃபேன் இல்லாமல் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். பில்டரும் ஸ்லாப் போடும்போதே ஃபேன் கொக்கியை அறையின் நடுவில் வைத்துவிடுகிறார். மேஜையும் நடுவில்தான் நிற்கிறது. ஆக விளக்கும் ஃபேனும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. இதைத் தீர்க்காமல் விளக்கை வாங்கிவிட்டு, அப்புறம் எங்கே மாட்டுவது என்று தெரியாமல் அட்டைப் பெட்டியோடு லாஃப்டில் ஏற்றியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

உங்கள் அறைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டு ஃபேனின் சுற்று விட்டம் பொதுவாக 48 அங்குலம். மையத்திலிருந்து இறக்கை நுனி வரை 2 அடி. தொங்கும் விளக்கின் கேபிளுக்கும் இறக்கை நுனிக்கும் நடுவே குறைந்தது ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். அப்படியானால் விளக்கு ஃபேன் மையத்திலிருந்து 3 அடி தள்ளி வர வேண்டும். உங்களுக்கு வெறும் சுவர் இருப்பது ஃபேனிலிருந்து 6 அடி தூரத்தில். எனவே மேஜையை அந்தச் சுவரைப் பார்த்து 3 அடி தள்ளிவிடுங்கள். மேஜையின் 5 அடி நீளம் சுவருக்கு இணையாக இருக்கட்டும். இப்போது மேஜை விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடிதான் மிச்சம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார அது போதாது. ஆனால் சுவரை ஒட்டி ஒரு பெஞ்ச் போடலாம். பிள்ளைகள் பெஞ்சில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள். மாமனாருக்கு மேஜையின் தலைமாட்டில், கை வைத்த நாற்காலி. அந்தப் பக்கம் இரண்டரை அடி இருப்பதால் எழுந்து உட்கார சிரமம் இருக்காது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஃபேன் நேர் தலைக்கு மேல் இருந்தால் சோறு பத்தே நிமிஷத்தில் ஆறிப்போகும், அப்பளம் பறக்கும். 3 அடி தள்ளி இருந்தால் காற்று ஆட்கள் மேல் படும், தட்டில் அவ்வளவாகப் படாது. ஹால் பக்கம் நடக்கவும் தாராளமாக இடம் கிடைக்கும்.

மேஜையை நகர்த்தவே முடியாது என்றால் ஃபேனை நகர்த்தலாம். ஸ்லாபில் ட்ரில் செய்து, ஆங்கர் போல்ட் போட்டு, புது இடத்தில் ஃபேனை மாட்டித் தருவார்கள். ஆனால் அது தலைக்கு மேல் சுற்றும் கனம். வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. முதல் வழியே எனக்குப் பிடித்தது. அதற்குச் செலவும் ஒரு பெஞ்ச் மட்டும்தான்.

சரி, கடைக்காரர் சொன்ன எட்டு டவுன்லைட்டுக்கு வருவோம். வேண்டாம். மூன்று காரணங்கள் சொல்கிறேன், முதலாவதே போதுமானது. ஃபேன் இறக்கைக்கு மேலே சீலிங்கில் பதித்த விளக்கு எரிந்தால், சுற்றும் இறக்கை அந்த வெளிச்சத்தை வெட்டி வெட்டி அனுப்பும். மேஜை மேல் நிழல் படபடவென்று அடிக்கும். சில வீடுகளில் சாப்பிட உட்கார்ந்தாலே தலைவலி வருவதற்கு இதுதான் காரணம், ஆனால் யாருக்கும் அது தெரிவதில்லை. 10 அடிக்கு 12 அடி இடத்தில் நடுவே 4 அடி விட்டத்துக்கு ஃபேன் சுற்றும்போது, எட்டு விளக்கில் ஒன்றிரண்டாவது அதன் பாதையில் மாட்டாமல் இருக்காது. அடுத்தது, நேர் உச்சந்தலைக்கு மேலிருந்து வரும் வெளிச்சம் முகத்தைக் கெடுக்கும். கண்குழியும் மூக்குக்குக் கீழும் கருநிழல் விழும். நன்றாகத் தூங்கி எழுந்தவர்கூட நோயாளி மாதிரி தெரிவார். குனிந்து சாப்பிடும்போது தலையின் நிழல் தட்டிலேயே விழும். மாமனாருக்கு முள் தெரியாததற்கு உங்கள் சுவர் டியூப்லைட்டும் இதே வகையில்தான் காரணம்: அவர் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் அவர் நிழலிலேயே அவர் சாப்பிட வேண்டும். மூன்றாவது, உயரம். ஃபேன் இறக்கை தரையிலிருந்து சுமார் 8 அடி உயரத்திலாவது இருப்பது பாதுகாப்பு. ஒன்பதரை அடியில் முக்கால் அடியை ஃபால்ஸ் சீலிங்குக்குக் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் பெரிதாக இடம் இருக்காது, அறையும் அமுங்கிப்போகும். அந்தப் பணத்தை வேறு இடத்தில் செலவழிக்கலாம்.

மேஜைக்கு மேல் தாழ்வாக ஒரே ஒரு ஹேங்கிங் லைட். உங்களுக்கு நான் சொல்வது இதுதான்.

தாழத் தொங்கும் விளக்கின் வெளிச்சம் தலைகளுக்கு நடுவிலிருந்து வருகிறது. அதனால் யாருடைய நிழலும் அவரவர் தட்டில் விழுவதில்லை. மேஜையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகங்களைக் கீழிருந்து மென்மையாக நிரப்பும். கண்குழி நிழல் போய்விடும். மேஜைப் பரப்பிலிருந்து ஷேடின் அடிவிளிம்பு வரை 30 முதல் 36 அங்குலம் என்பது உலகம் முழுக்கப் புழங்கும் கணக்கு. உங்களுக்கு 33 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 30 வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வீடுகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிடுவதில்லை. ஒருவர் நின்றுகொண்டு பரிமாறுகிறார். சாம்பார் வாளியும் கரண்டியும் விளக்குக்கு அடியில் போய்வர வேண்டும். விளக்கு மிகவும் தாழ்ந்திருந்தால் கரண்டி இடிக்கும், ஷேடில் ரசம் தெறிக்கும்.

மேஜை உயரம் 30 அங்குலம், அதற்கு மேல் 33. ஆக ஷேடின் அடிவிளிம்பு தரையிலிருந்து 63 அங்குலம். சீலிங் 114 அங்குலம். ஷேடே 10 அங்குலம் உயரம் இருந்தால் மிச்சம் 41 அங்குலம். அவ்வளவு நீளத்துக்கு கேபிளோ ராடோ வேண்டும். கடையில் பல விளக்குகள் ஒரு மீட்டர் கேபிளோடு வருகின்றன. உங்களுக்கு அது ஒன்றிரண்டு அங்குலம் பற்றாது. வாங்கும்போதே ஒன்றரை மீட்டர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ராடு உள்ள மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது. 3 அடி தள்ளி இருந்தாலும் ஃபேன் காற்று கேபிளில் தொங்கும் லேசான ஷேடை ஆட்டிக்கொண்டே இருக்கும். விளக்கு ஆடினால் மேஜையில் உள்ள எல்லா நிழலும் சேர்ந்து ஆடும்.

அளவு: ஷேடின் விட்டம் மேஜை அகலத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. உங்கள் 3 அடி மேஜைக்கு 18 முதல் 24 அங்குலம். கடையில் பார்க்கும்போது 20 அங்குல ஷேட் பெரிதாகத் தெரியாது, வீட்டுக்கு வந்ததும் பெரிதாகத் தெரியும். செய்தித்தாளை அந்த அளவுக்கு வட்டமாக வெட்டி, நூலில் கட்டி இரண்டு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள். கண்ணுக்கு உறுத்தவில்லை என்றால் வாங்கலாம்.

இனி அந்த மூன்று கண்ணாடிக் குடுவைகள். தெளிந்த கண்ணாடிக்குள் இழை தெரியும் பல்பு. படத்தில் அழகாக இருக்கும், ஏனென்றால் கேமராவுக்குக் கண் கூசாது. உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்குச் சற்றே மேலே, மறைப்பே இல்லாமல் மூன்று பல்புகள் எரிந்தால் என்ன ஆகும்? கண்ணின் பாவை சுருங்கும். பாவை சுருங்கினால் தட்டு இருட்டாகத் தெரியும். அறையில் வெளிச்சம் கூடியிருக்கும், பார்வை குறைந்திருக்கும். நின்று பரிமாறும் உங்களுக்கு அது நேர் கண் மட்டம். போதாததற்கு உங்கள் மேஜை கண்ணாடி. மூன்று பல்புகள் மேலே, மூன்று பல்புகள் கீழே.

வயதான கண்ணுக்கு இது இரட்டைத் துன்பம். வயது ஏற ஏற பாவை முன்போல விரிவதில்லை, கண்ணின் லென்ஸும் மஞ்சளித்துப் போகிறது. 20 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரருக்குப் போய்ச் சேருகிறது என்பது கண் மருத்துவத்தில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. மாமனாருக்கு 74. அவர் சும்மா குறை சொல்லவில்லை. அவருக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், அதே சமயம் அந்த வெளிச்சத்தின் மூலம் கண்ணில் படவே கூடாது. மங்கலை மட்டும் அல்ல, கூச்சத்தையும் வயதான கண்ணால் தாங்க முடியாது.

இந்தப் பிரச்சினைக்காகவே வாழ்நாள் முழுதும் உழைத்தவர் ஒருவர் உண்டு. டென்மார்க்கின் பால் ஹென்னிங்சன். மின் பல்பு வந்த புதிதில் அதன் கூசும் வெளிச்சம் அவருக்குப் பிடிக்கவில்லை. 1920களின் நடுவில், ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று தட்டுகள் அடுக்கி, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பல்பு தெரியாமல், ஆனால் வெளிச்சம் முழுதும் மேஜைக்கு வரும்படி ஒரு விளக்கு செய்தார். 1958-ல் அதையே வளர்த்து அவர் செய்த பிஹெச் 5 இன்றும் விற்பனையில் இருக்கிறது. நம் கடைகளில் 'மாடர்ன்' என்று தொங்கும் பாதி ஷேடுகள் அந்தச் சிந்தனையின் பேரப்பிள்ளைகள்தான். அசல் உங்கள் பட்ஜெட்டுக்குள் வராது, வரவும் வேண்டாம். அந்த நியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விளக்கை 63 அங்குல உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி இரண்டு அடி தள்ளி உட்காருங்கள். பல்பு கண்ணில் தெரிந்தால் அந்த விளக்கு வேண்டாம். ஷேட் விளிம்பிலிருந்து மூன்று நான்கு அங்குலம் உள்ளே பல்பு ஏறியிருந்தால் பெரும்பாலும் தெரியாது. கீழே வெளிச்சத்தைப் பரப்பிவிடும் பாலாடை நிற டிஃப்யூசர் தட்டு இருந்தால் உங்கள் கண்ணாடி மேஜைக்கு இன்னும் உத்தமம்.

ஷேட் எதில் செய்தது என்பதும் உங்களுக்கு முக்கியம். பக்கத்திலேயே சமையலறை. தாளிக்கும் புகை எங்கே போகிறது என்று சிம்னி வைத்தவர்களுக்கும் தெரியும்: அது துணியில் போய் உட்காருகிறது. துணி ஷேடும் காகித ஷேடும் ஒரே வருஷத்தில் பிசுக்காகிவிடும், துவைக்கவும் முடியாது. எனக்குப் பிரம்பு ஷேட் மிகவும் பிடிக்கும். சிதம்பரத்திலிருந்து சீர்காழி போகும் வழியில் தைக்காலில் பிரம்பு வேலைக்காரர்களிடம் கேட்டால் நாம் சொன்ன அளவுக்கு முடைந்து தருவார்கள். ஆனால் பிரம்பு முடைச்சலின் ஓட்டை வழியே வெளிச்சம் சிந்தும், தட்டில் கோடு கோடாக நிழல் விழும். ஹாலின் மூலையில் அது அழகு, முள் எடுக்கும் இடத்தில் அது தொந்தரவு. உங்கள் மேஜைக்கு உள்பக்கம் வெள்ளை பூசிய உலோக ஷேட். வெளிப்பக்கம் கறுப்போ, பித்தளையோ, மண் நிறமோ உங்கள் விருப்பம். உள்பக்கம் மட்டும் வெள்ளை. உள்ளே கறுப்பு பூசியதும் இப்போது நிறைய வருகிறது, அது பாதி வெளிச்சத்தைத் தானே விழுங்கிவிடும். ஈரத்துணியால் மாதம் ஒருமுறை துடைத்தால் போதும்.

கிண்ணம் மாதிரி மேல்நோக்கித் திறந்த வடிவத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி மழை விட்ட ராத்திரி ஈசல் வரும்போது காரணம் புரியும். இரண்டு நாளில் கிண்ணத்தின் அடியில் கரும்படலமாகக் குவிந்துவிடும். இதைச் சொல்லும்போது இன்னொன்றும்: நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்துக்குப் பூச்சிகள் அதிகம் வரும். மஞ்சள் சார்ந்த வெளிச்சத்துக்குக் குறைவாகவே வரும்.

இப்போது உங்கள் கணவரின் கட்சி. அவர் சொல்வதை நான் தட்டிக்கழிக்கவில்லை. அது நம் தலைமுறையின் நினைவு. நாம் சிறுவயதில் பார்த்த மஞ்சள் வெளிச்சம் 40 வாட் குண்டு பல்பு. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கியதும் அது செக்கச் செவேலென்று இழை மட்டும் தெரிய எரியும். இழை பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் வெளிச்சம் அதைவிட வேகமாக இறங்கிவிடும், நிறமும் சிவந்துவிடும். அதனால் மஞ்சள் என்றால் மங்கல் என்று மனதில் பதிந்துவிட்டது. டியூப்லைட் வந்த வீடு வசதியான வீடு. ஆனால் இன்றைய எல்இடியில் நிறம் வேறு, அளவு வேறு. நிறத்தைக் கெல்வினில் சொல்கிறார்கள்: 2700, 3000 மஞ்சள் சார்ந்தது, 4000 நடுத்தரம், 6500 நீலம் கலந்த வெள்ளை. வெளிச்சத்தின் அளவு லூமனில் இருக்கிறது. 9 வாட் எல்இடி பல்பு 3000 கெல்வினாக இருந்தாலும் 6500 ஆக இருந்தாலும் ஏறக்குறைய 800, 900 லூமன் தரும். பழைய 40 வாட் குண்டு பல்பு தந்தது அதில் பாதிதான். உங்கள் கணவர் வேண்டாம் என்பது மங்கலைத்தான். அது நியாயம். 3000 கெல்வினில் மங்கல் இல்லாமல் வைக்கலாம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். உங்கள் மேஜைப் பரப்பு சுமார் 1.4 சதுர மீட்டர். 850 லூமன் பல்பின் வெளிச்சத்தில் பாதி மேஜையில் விழுந்தாலே 300 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 300 லூமன், வந்துவிடும். முள் எடுக்கவும் மாத்திரை அட்டையில் பெயர் படிக்கவும் அது தாராளம்.

ஏன் சாப்பாட்டு மேஜைக்கு 6500 வேண்டாம் என்கிறேன் என்றால், அது உணவை அழகாகக் காட்டாது. இதைவிட முக்கியமான இன்னொரு எண் உண்டு, கடைக்காரர்கள் சொல்லவே மாட்டார்கள்: சிஆர்ஐ. வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100-க்கு எவ்வளவு என்று ஒரு மதிப்பெண். சாதாரண எல்இடி பல்புகள் 80-ஐ ஒட்டி இருக்கும். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடிதான். அதன் மேல் பூசிய பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. இந்தக் கலவையில் ஆழ்ந்த சிவப்பு பற்றாக்குறையாகவே இருக்கும். நம் சமையலோ சிவப்பில்தான் வாழ்கிறது: மிளகாய், தக்காளி, மீன் குழம்பின் எண்ணெய்ப் படலம், பீட்ரூட், ஊறுகாய். சிவப்பு இல்லாத வெளிச்சத்தில் மீன் குழம்பு மண் நிறமாகத் தெரிகிறது. மனிதத் தோலும் அப்படித்தான், மாநிறம் சாம்பல் பூத்துப்போகும். சிஆர்ஐ கணக்கே, வரிசை எண் போட்ட சோதனை நிறங்களில் முதல் எட்டு மென்னிறங்களை மட்டும் வைத்துப் போடப்படுவது. ஆழ்ந்த சிவப்பு ஆர்9 என்று தனியாக இருக்கிறது, அது சராசரியில் சேராது. ஆகவே அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஆர்9 எண்ணும் போட்டிருந்தால் 50-க்கு மேல் இருப்பதை எடுங்கள்.

எண்களை நம்ப வேண்டாம் என்றால் கடைக்கு ஒரு தக்காளியும் ஒரு துண்டு வாழையிலையும் கொண்டு போங்கள். 6500 கெல்வின் சாதாரண பல்பின் கீழ் தக்காளியை இலையில் வைத்துப் பாருங்கள், அப்புறம் 3000 கெல்வின், சிஆர்ஐ 90 பல்பின் கீழ் வையுங்கள். உள்ளங்கையையும் நீட்டிப் பாருங்கள். கணவரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். இந்த விஷயத்தில் நான் எழுதும் பத்து வரியைவிட அந்தத் தக்காளி நன்றாகப் பேசும். அப்படியே ஃபோனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் பட்டை பட்டையாகத் துடித்தால் பல்பின் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பாகம்) மட்டமானது, வேண்டாம்.

பல்பு தனியாகக் கழற்றி மாட்டும் விளக்காகவே வாங்குங்கள். எல்இடி உள்ளேயே ஒட்டப்பட்டு வரும் விளக்குகள் மெலிதாக, அழகாக இருக்கும். ஆனால் மூன்றாம் வருஷம் டிரைவர் போனால் அதே பாகம் கிடைப்பது கஷ்டம், முழு விளக்கையும் தூக்கிப்போட வேண்டியிருக்கும். ஹேங்கிங் லைட்டுகளில் பெரும்பாலும் இ27 எனும் திருகு ஹோல்டர்தான் இருக்கும். வீட்டில் இருக்கும் பின் பல்பு அதில் ஏறாது. திருகு பல்பு கேட்டு வாங்குங்கள்.

மகளின் ஹோம்வொர்க்குக்கு அந்த டியூப்லைட்டைக் கழற்றிப் போட வேண்டாம். அதே இடத்தில் 4000 கெல்வின், 20 வாட் எல்இடி டியூப் மாட்டிவிடுங்கள். கணக்குப் போடவும், வீடு பெருக்கவும், விருந்தாளிகள் வந்து மேஜையைத் துடைத்து அடுக்கவும் அறை முழுக்க வெளிச்சம் வேண்டும். படிக்கும்போது இரண்டும் எரியட்டும், சாப்பிடும்போது ஹேங்கிங் லைட் மட்டும். ஒன்று கவனியுங்கள்: சாப்பிடும்போது அறையின் மற்ற பகுதி முழு இருட்டாக இருந்தாலும் கண்ணுக்கு அலுப்பு. ஹாலில் ஒரு விளக்கு எரிந்தால் போதும். கைகழுவும் பேசின் சாப்பாட்டு இடத்திலேயே இருந்தால், அதன் கண்ணாடிக்கு மேல் உள்ள விளக்கையும் 3000 கெல்வினுக்கு மாற்றுங்கள். மேஜையில் இதமான வெளிச்சம் வைத்துவிட்டு மூலையில் நீல விளக்கு ஒன்று எரிந்தால் கண் அங்கேயேதான் போகும்.

டிம்மர் வேண்டுமா என்று கேட்பீர்கள். இருந்தால் நல்லது, இல்லாமலும் ஓடும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஃபேன் ரெகுலேட்டரை விளக்குக்கு மாட்டுவது. சில எலக்ட்ரீஷியன்கள் 'அதுவும் ரெகுலேட்டர்தானே' என்று மாட்டிவிடுவார்கள். பல்பு துடிக்கும், சீக்கிரம் போய்விடும். டிம்மர் வைத்தால் எல்இடிக்கான டிம்மர், பல்பும் 'டிம்மபிள்' என்று போட்டது.

வயரிங் பெரிய வேலை இல்லை. டியூப்லைட் பாயிண்ட் அந்தச் சுவரிலேயே இருப்பது உங்களுக்கு வசதி. ஸ்விட்ச்போர்டிலிருந்து அதே பைப்பில் தனி ஸ்விட்ச்சுக்கு இன்னொரு வயர் இழுத்து, சுவர் உச்சியிலிருந்து சீலிங்கில் 3 அடிக்கு வயரை மூடும் மெல்லிய கேசிங் ஓட்டி, சீலிங் நிறத்திலேயே பெயிண்ட் அடித்துவிட்டால் ஒரு வாரத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. விளக்கை ஸ்லாபில் ஆங்கர் போல்ட் போட்டுத் தொங்கவிட வேண்டும். ஸ்க்ரூவுக்கு அடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கை நம்பி உலோக ஷேடைத் தலைக்கு மேல் மாட்டக்கூடாது.

சீலிங்கைத் தொடவே முடியாத வாடகை வீட்டுக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. 1962-ல் இத்தாலியின் காஸ்டிலியோனி சகோதரர்கள் செய்த ஆர்கோ விளக்கு, சீலிங்கில் ஓட்டை போடாமல் மேஜைக்கு மேல் விளக்கு கொண்டுவரப் பிறந்ததுதான். கனமான பளிங்கு அடிப்பாகம் தரையில் தள்ளி நிற்கும், அதிலிருந்து வில்லாக வளைந்து வரும் கம்பியின் நுனியில் விளக்கு. அதே பாணியில் வளைந்த தரை விளக்குகள் இங்கேயும் கிடைக்கின்றன. அடிப்பாகம் நல்ல கனமாக இருக்க வேண்டும், தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

உங்கள் 25,000-ஐ நான் செலவழித்தால், முதலில் பெஞ்சுக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் எடுத்து வைப்பேன், அடுத்து நல்ல பல்பு, மிச்சத்தில்தான் ஷேட். பல்பில் இரண்டாக வாங்கி ஒன்றைப் பத்திரமாக வையுங்கள். ஒரே கம்பெனி, ஒரே கெல்வின் என்றாலும் அடுத்த வருஷம் வாங்கும் பல்பு நிறத்தில் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

ஷேட் வாங்கும் முன், ஒரு ஹோல்டரில் அந்த 3000 கெல்வின் பல்பை மாட்டி, செய்தித்தாள் வட்டத்தையே கூம்பாகச் சுருட்டி, பல்பில் படாமல் கட்டி, அதே 33 அங்குலத்தில் ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்து, மாமனாரை அந்தத் தலைமாட்டு நாற்காலியில் உட்கார வைத்துக் கேளுங்கள். முள் தெரிகிறது, கண் கூசவில்லை என்று அவர் சொல்லும் உயரத்தை சுவரில் பென்சிலால் குறித்து, எலக்ட்ரீஷியனிடம் அந்த அளவைக் கொடுங்கள். இந்த ஒரு பாயிண்டை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கவும் அப்போதே சொல்லிவிடுங்கள். 9 வாட்தான், பேட்டரிக்கு அது ஒரு பாரமே இல்லை.